ரவுண்டானாவில் இண்டிகேட்டர்: எப்போது, எந்தப் பக்கம், யாருக்காக? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீழே உள்ளதெல்லாம் சாலையின் இடது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு எழுதியது. அங்கே ரவுண்டானாவைக் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுவோம். வலது பக்கம் ஓட்டும் நாட்டில் இருக்கிறீர்கள் என்றால் இடது, வலது இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ஒரே பக்கமாகத்தானே சுற்றுகிறோம், இண்டிகேட்டர் எதற்கு?

உள்ளே சுற்றுகிறவருக்கு அது தேவையே இல்லை, தான் எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரியும். தேவைப்படுவது வெளியே நிற்கிறவருக்கு. ஒரு சாலையின் வாயிலில் நின்று உள்ளே நுழையக் காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கத்திலிருந்து ஒரு கார் சுற்றி வருகிறது. உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒரே விஷயம்தான்: அந்தக் கார் நீங்கள் நிற்கும் சாலைக்குள்ளேயே திரும்பிவிடப் போகிறதா, இல்லை உங்கள் மூக்குக்கு முன்னால் கடந்து அடுத்த சாலைக்குப் போகப் போகிறதா? திரும்பிவிடும் என்றால் நீங்கள் நுழையலாம். கடந்து போகும் என்றால் நிற்க வேண்டும். அவர் ஒன்றுமே போடாமல் வந்தால் கடந்து போவார் என்று எண்ணித்தான் நிற்பீர்கள். கடைசி நொடியில் அவர் ஸ்டீயரிங்கை ஒடித்து உங்கள் சாலைக்குள் போய்விடுவார், நீங்கள் நுழைய இருந்த இடைவெளி வீணாகிவிடும், உங்களுக்குப் பின்னால் ஆறு வண்டிகள் நிற்கும். ரவுண்டானாவில் சேரும் நெரிசலில் ஒரு பங்கு இப்படிச் சேர்வதுதான். வண்டிகள் அதிகம் என்பதால் வருவது தனி, யாரும் எதையும் சொல்லாமல் போவதால் வருவது தனி.

சரி, எந்தத் திசைக்கு எதைப் போட வேண்டும்?

நான்கு சாலைகள் சேரும் சாதாரண ரவுண்டானாவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்கம் முதல் சாலையில் வெளியேறப் போகிறீர்களா? வரும்போதே இடது இண்டிகேட்டர் போட்டு, வெளியேறும் வரை அப்படியே விட்டுவிடுங்கள்.

நேராகப் போகிறீர்களா? நுழையும்போது எதுவும் வேண்டாம். முதல் சாலையின் வாயிலைத் தாண்டிய உடனே இடது போடுங்கள்.

வலப்பக்கம் போகிறீர்களா, அல்லது யூ டர்ன் எடுத்து வந்த சாலைக்கே திரும்புகிறீர்களா? வரும்போது வலது. நீங்கள் வெளியேற வேண்டிய சாலைக்கு முந்தைய சாலையைத் தாண்டியதும் வலதை எடுத்துவிட்டு இடது.

மூன்றிலும் பொதுவாக இருப்பது கடைசியில் வரும் இடதுதான். எந்தத் திசைக்குப் போனாலும் வட்டத்தை விட்டு வெளியே வருவது இடப்பக்கம் திரும்பித்தான். மீதியை மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதவர் பாதி நல்ல ஓட்டுநர் என்பேன்.

ஐந்து, ஆறு சாலைகள் சேரும் இடத்தில் "நேர்" எது, "வலது" எது என்று குழம்பும். கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 6 மணியில் நின்று நுழைகிறீர்கள், இடப்பக்கம் முதல் சாலை போக, நேர் எதிரே இருக்கும் 12 மணி வரை உள்ள சாலைகளை நேர் என்றும், 12-ஐத் தாண்டியவற்றை வலது என்றும் எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். முன்னால் வழிகாட்டிப் பலகையில் ரவுண்டானாவின் படம் வரைந்திருந்தால் அதுதான் முடிவு.

நேராகப் போகிறவர்கள் நான்கு பக்க விளக்கையும் எரியவிட்டுப் போகிறார்களே, அது சரியா?

தவறு, அதுவும் ஆபத்தான தவறு. நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து எரியும் ஹசார்ட் விளக்கு "என் வண்டி பழுதாகி நிற்கிறது, என்னால் உங்களுக்கு ஆபத்து" என்று சொல்வதற்காக வைத்தது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் அதைப் போட்டால் இரண்டு கெடுதல். உங்கள் இடப்பக்கம் இருப்பவருக்கு உங்கள் இடது விளக்கு மட்டும்தான் தெரியும், அவர் நீங்கள் இடது திரும்புவதாக நினைப்பார்; வலப்பக்கம் இருப்பவர் அதற்கு நேர்மாறாக நினைப்பார். இருவரும் தங்கள் கண்ணில் பட்டதை நம்பித்தான் நடக்கிறார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. இன்னொன்று, ஹசார்ட் எரியும்போது வெளியேறுவதற்கான இடது இண்டிகேட்டரை உங்களால் தனியாகக் காட்டவே முடியாது. இருந்த ஒரே வாயையும் அடைத்துக்கொண்ட மாதிரி.

நேராகப் போவதற்கு அடையாளம் எதுவும் போடாமல் நுழைவதுதான்.

வெளியேறும் இண்டிகேட்டரைச் சரியாக எந்த இடத்தில் போடுவது? ஒன்று சீக்கிரம் போடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுகிறேன்.

இதுதான் உண்மையான கேள்வி, இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்களுக்கு வேண்டிய சாலைக்கு முந்தைய சாலையின் வாயிலைத் தாண்டிய கணம்தான் சரியான இடம். அதற்கு முன்னால் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். முந்தைய சாலையில் காத்து நிற்கிறவர் உங்கள் இடது விளக்கைப் பார்த்து, தன் சாலைக்குள் வரப்போகிறீர்கள் என்று நம்பி உள்ளே நுழைந்துவிடுவார், நீங்களோ நேரே அவர் கதவை நோக்கி வந்துகொண்டிருப்பீர்கள். போடவே மறந்தால் ஒருவருக்குச் சில நொடி வீண். சீக்கிரம் போட்டால் மோதல். இரண்டில் எது மோசம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த அவகாசம் எவ்வளவு சிறியது என்று புரியும். வண்டி சுற்றும் பாதை 40 மீட்டர் விட்டம் என்றால் முழு வட்டம் ஏறத்தாழ 126 மீட்டர், ஒரு சாலைக்கும் அடுத்த சாலைக்கும் நடுவே சுமார் 31 மீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 7 மீட்டர் போகிறீர்கள். ஆக உங்கள் கையில் இருப்பது நாலரை நொடி. இண்டிகேட்டர்கள் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை கண் சிமிட்டும்படி செய்யப்படுகின்றன, ஆகவே அந்த நாலரை நொடியில் நான்கிலிருந்து ஒன்பது முறை வரை எரிந்து அணையும். காத்திருப்பவர் பார்த்து, புரிந்துகொண்டு, காலை பிரேக்கிலிருந்து எடுக்க அது போதும். ஆனால் நீங்கள் பாதி தூரம் போன பிறகு போட்டால் போதாது, வெளியேறிக்கொண்டே போட்டால் அது வெறும் அலங்காரம்.

மனதில் எண்ணிக்கொண்டு ஓட்டுங்கள். மூன்றாவது சாலையில் வெளியேற வேண்டுமா? "ஒன்று போச்சு, இரண்டு போச்சு, இடது." நான் பல வருடம் கழித்தும் புதிய இடத்தில் இப்படி முணுமுணுத்துக்கொண்டுதான் சுற்றுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

வலது போட்டுவிட்டுத்தான் நுழைகிறேன், ஆனால் பாதியில் தானாக அணைந்துவிடுகிறது. வண்டியில் கோளாறா?

கோளாறு இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பிய திசைக்கு எதிர்த்திசையில் திருப்பும்போது இண்டிகேட்டர் குச்சியைத் தட்டிவிடும் சின்ன அமைப்பு ஒன்று உள்ளே இருக்கிறது. சாதாரணத் திருப்பத்தில் அது அழகாக வேலை செய்யும். ரவுண்டானாவிலோ வலது போட்டிருந்தாலும் நுழைவதற்கு முதலில் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்புகிறோம், அங்கேயே அது "திரும்பி முடித்துவிட்டார்" என்று எண்ணிக் குச்சியைத் தட்டிவிடுகிறது. மறுபடி போட்டுவிடுங்கள்.

நேர்மாறும் நடக்கும். பெரிய ரவுண்டானாவிலிருந்து மெல்லிய வளைவில் வெளியேறும்போது ஸ்டீயரிங் போதுமான அளவு திரும்பியிருக்காது, இடது இண்டிகேட்டர் அணையாமலேயே அடுத்த ஒரு கிலோமீட்டர் எரிந்துகொண்டிருக்கும். அடுத்த ரவுண்டானா பக்கத்திலேயே இருந்தால் அந்த மறந்துபோன இடது அங்கே பொய் சொல்லும். வெளியே வந்ததும் டிக்-டிக் சத்தம் நின்றுவிட்டதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பாட்டுச் சத்தத்தில் கேட்காது என்றால் மீட்டர் போர்டில் ஒரு பார்வை.

யாருக்கு முன்னுரிமை, உள்ளே இருப்பவருக்கா, நுழைகிறவருக்கா?

உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு. நீங்கள் நுழைகிறீர்கள் என்றால் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். இன்று உலகில் பெரும்பாலான இடங்களில் இதுதான்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. வண்டிகள் ஒரே திசையில் சுற்றும் வட்டங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன, நியூயார்க்கின் கொலம்பஸ் சர்க்கிள் 1905-இல் அப்படி ஆனது. ஆனால் யார் நிற்க வேண்டும் என்பதில் ஒழுங்கான ஏற்பாடு இல்லை. நுழைகிறவருக்கு முன்னுரிமை கொடுத்த இடங்களில் கூட்டம் கூடினால் கதை முடிந்தது: புதிது புதிதாக வண்டிகள் உள்ளே வந்துகொண்டே இருக்கும், உள்ளே இருப்பவர் நின்று வழிவிடுவார், அவருக்குப் பின்னால் இருப்பவர் வெளியேற முடியாமல் நிற்பார், கடைசியில் வட்டம் முழுக்க வாலைக் கவ்விய பாம்பு மாதிரி பூட்டிக்கொள்ளும். பிரிட்டன் 1966-இல் உள்ளே இருப்பவருக்கே முன்னுரிமை என்று விதியை மாற்றியது. அங்கே சாலை ஆய்வுக்கூடத்தில் இருந்த ஃபிராங்க் பிளாக்மோர் என்ற பொறியாளர் அதன் பிறகு சிறிய வட்டங்களையும் சோதித்துக் காட்டினார். அந்த ஒரு விதிதான் ரவுண்டானாவைக் காப்பாற்றியது என்றே சொல்லலாம். பழைய முறை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் பாரிஸில் வெற்றி வளைவைச் சுற்றியுள்ள வட்டம் இருக்கிறது. 12 சாலைகள் சேரும் அந்த இடத்தில் இன்றும் நுழைகிறவருக்குத்தான் முன்னுரிமை.

நான் இண்டிகேட்டர் போட்டுவிட்டேன், அப்படியும் வழிவிட மாட்டேன் என்கிறார்களே?

வழிவிட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. இண்டிகேட்டர் போடுவது "இப்படிச் செய்ய நினைக்கிறேன்" என்று தகவல் சொல்வது, அவ்வளவுதான். "நான் வருகிறேன், விலகு" என்று அதற்குப் பொருள் கிடையாது. உள்ளே சுற்றும்போது உள் லேனிலிருந்து வெளி லேனுக்கு வந்து வெளியேற வேண்டும் என்றால், இடது போட்ட பிறகும் கண்ணாடியைப் பார்த்து, தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்த்து, இடம் இருந்தால்தான் நகர வேண்டும். இண்டிகேட்டரைப் போட்ட அதே நொடியில் ஸ்டீயரிங்கையும் திருப்புகிறவர் போடாதவரைவிட எந்த விதத்திலும் மேல் இல்லை.

வலப்பக்கத்திலிருந்து வருகிறவர் இடது போட்டிருக்கிறார். அதை நம்பி நுழைந்துவிடலாமா?

பாதி நம்புங்கள். அவர் போன திருப்பத்தில் அணைக்க மறந்திருக்கலாம். அல்லது மேலே சொன்னபடி சீக்கிரம் போட்டிருக்கலாம், அவர் வெளியேறப் போவது உங்களுக்கு அடுத்த சாலையாக இருக்கும். நான் ஓட்டக் கற்றுக்கொண்ட புதிதில் இப்படி ஒரு இடது விளக்கை நம்பி நுழைந்து, வந்த வண்டி என் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவர் திட்டினார், நான் திட்டினேன், இருவருக்கும் நியாயம் இருந்தது. ஆனால் இடித்திருந்தால் தப்பு என் தலையில்தான் விழுந்திருக்கும், வழிவிட வேண்டியவன் நான்.

விளக்கோடு சேர்த்து வேறு இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்று, வண்டியின் வேகம் குறைகிறதா. இன்னொன்று, முன் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. வட்டத்தைத் தொடர்ந்து சுற்றுகிறவரின் முன் சக்கரம் நடுத்திட்டுப் பக்கமாகத் திரும்பியிருக்கும், வெளியேறுகிறவரின் சக்கரம் நிமிர்ந்து உங்கள் சாலைப் பக்கம் வளையும். விளக்கு பொய் சொல்லலாம். சக்கரம் சொல்லாது. ஓட்டுநர் எந்தப் பக்கம் தலையைத் திருப்பியிருக்கிறார் என்பதும் சில நேரம் நல்ல துப்பு.

இரண்டு லேன் உள்ள ரவுண்டானாவில் எதில் நுழைவது?

தரையில் அம்புக்குறியோ பலகையோ இருந்தால் அதன்படி. இல்லாவிட்டால் இடது திரும்புவதற்கும் நேர் போவதற்கும் இடது லேன், வலது போவதற்கும் யூ டர்னுக்கும் வலது லேன். இடது லேன் அடைத்துக்கொண்டிருந்தால் நேர் போகிறவர் வலது லேனையும் பயன்படுத்தலாம்.

பிரச்சினை வருவது லேனும் இண்டிகேட்டரும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது. இடது லேனில் நின்றுகொண்டு முழு வட்டமும் சுற்றுகிறவர், வலது லேனிலிருந்து முதல் சாலைக்கே குறுக்கே பாய்கிறவர், இந்த இருவரையும் எந்த இண்டிகேட்டரும் காப்பாற்றாது. நெதர்லாந்தில் 1990-களில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டர்போ ரவுண்டானா என்பார்கள். லேன்கள் சுருள் வடிவத்தில் வெளியே கொண்டுபோய் விடும், நடுவே சற்று உயர்ந்த கரை வைத்துப் பிரித்திருக்கும். எந்தச் சாலைக்குப் போகிறோம் என்பதை நுழையும் முன்பே லேன் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும், உள்ளே போனபின் மாற முடியாது. மனிதர்களின் பழக்கத்தைத் திருத்துவதைவிடச் சிமெண்டு போடுவது எளிது என்று முடிவு செய்திருப்பார்கள் போல.

வெளியேற வேண்டிய சாலையைத் தவறவிட்டால்?

இன்னொரு சுற்று சுற்றுங்கள். ரவுண்டானாவின் மிகப்பெரிய வசதியே இதுதான், வேறு எந்தச் சந்திப்பும் இந்த மன்னிப்பைத் தராது. இடது போட்டிருந்தால் எடுத்துவிட்டு வலது போட்டு, இன்னும் சுற்றுகிறேன் என்று காட்டுங்கள். கடைசி நொடியில் பிரேக் அடித்துக் குறுக்கே பாய்வது, பின்னால் ரிவர்ஸ் வருவது, உள்ளேயே நிறுத்தி மேப் பார்ப்பது, மூன்றும் கூடவே கூடாது.

உள்ளே சுற்றும்போது நின்று, காத்திருப்பவருக்குக் கைகாட்டி வழிவிடுவது நல்ல பழக்கம்தானே?

நல்ல மனசுதான், ஆனால் கெட்ட பழக்கம். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் நீங்கள் நிற்பீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை. பக்கத்து லேனில் வருகிறவருக்கு நீங்கள் கைகாட்டியது தெரியாது, நீங்கள் உள்ளே கூப்பிட்ட வண்டியை அவர் இடிப்பார். உள்ளே ஒருவர் நின்றால் வட்டம் பூட்டிக்கொள்ளும் கதையை மேலே சொன்னேன், அதை நீங்களாகவே தொடங்கிவைக்க வேண்டாம். உங்கள் முறை என்றால் போய்விடுங்கள். அதுதான் அங்கே மரியாதை.

ஒரே விதிவிலக்கு, வட்டமே நெரிசலில் நகராமல் நிற்கும்போது. அப்போது ஒரு சாலையின் வாயிலை அடைத்துக்கொண்டு நிற்காமல் கொஞ்சம் இடம் விட்டு நின்றால் குறுக்கே போகிறவர்களாவது போவார்கள்.

ஹாரன், ஹெட்லைட் அடிப்பது?

ஹாரன் "நான் இருக்கிறேன்" என்று எச்சரிக்க, ஒருவர் உங்களைப் பார்க்காமல் வருகிறார் என்று தோன்றும்போது மட்டும். ஹெட்லைட்டை இரண்டு தடவை அடிப்பதில் பெரிய சிக்கல் இருக்கிறது, சிலர் "நீ போ" என்று அடிப்பார்கள், சிலர் "நான் நிற்க மாட்டேன்" என்று அடிப்பார்கள். ஒரே அடையாளத்துக்கு நேரெதிரான இரண்டு அர்த்தம் என்றால் அதை அடிக்காமல் இருப்பதே மேல். உங்களைப் பார்த்து யாராவது அடித்தாலும் வண்டி உண்மையில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

லாரி, பஸ், டிரெய்லர் இடது இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு வலப்பக்கம் ஒதுங்குகிறதே?

அவர் குழம்பவில்லை, இடம் எடுக்கிறார். நீளமான வண்டியின் பின் சக்கரம் முன் சக்கரம் போன பாதையில் போகாது, வளைவின் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் இடது திரும்பும் முன் வலப்பக்கம் ஒதுங்குவார், சில நேரம் இரண்டு லேனையும் சேர்த்து அடைத்துக்கொள்வார். இடப்பக்கம் இடைவெளி தெரிகிறதே என்று பைக்கை அதில் நுழைத்தால் அந்தப் பின் சக்கரம் அங்கேதான் வரும். வட்டத்துக்குள் சுற்றும்போது நிலைமை மாறும், அப்போது பின் சக்கரம் வெட்டுவது நடுத்திட்டுப் பக்கம். சில ரவுண்டானாக்களில் நடுத்திட்டைச் சுற்றிக் கொஞ்சம் உயரமாகக் கல் பாவிய வளையம் இருக்கும், அது அழகுக்காக இல்லை, பெரிய வண்டியின் பின் சக்கரம் ஏறிப் போவதற்காக. மொத்தத்தில் பெரிய வண்டியோடு பக்கத்துக்குப் பக்கமாக ரவுண்டானாவுக்குள் போகாதீர்கள். பின்னால் நில்லுங்கள். பத்து நொடியில் அது போய்விடும்.

பைக், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் என்ன செய்ய வேண்டும்?

பைக்கில் இண்டிகேட்டர் தானாக அணையாத மாடல்கள் நிறைய உண்டு, ஆகவே வெளியேறியதும் கட்டைவிரலால் அணைப்பது உங்கள் வேலை. சிறிய விளக்கு என்பதால் வெயிலில் சரியாகத் தெரியாது, அதனால் நிற்கும் இடமும் சேர்ந்து பேச வேண்டும்: நேர் போகிறேன் என்றால் லேனின் நடுவில் ஓட்டுங்கள், ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போனால் காரோட்டி நீங்கள் அடுத்த சாலையில் வெளியேறுவதாகவே நினைப்பார்.

சைக்கிளில் கைதான் இண்டிகேட்டர். பிரிட்டனின் சாலை விதிகளில், சைக்கிளில் வருகிறவர் இடது லேனிலேயே இருந்துகொண்டு வலது கையைக் காட்டியபடி சுற்றலாம் என்று இருக்கிறது. அவர் வலது கையை நீட்டினால் "இந்தச் சாலையில் நான் வெளியேறவில்லை, என்னைக் குறுக்கே வெட்டாதே" என்று பொருள். காரோட்டிகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். முன் சக்கரம் குழியில் இறங்கும் இடத்தில் அவர் கையை எடுக்க முடியாது, ஆகவே கை காட்டவில்லை என்பதற்காக அவர் எங்கும் திரும்பவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நடந்து போகிறவர்களுக்கும் இண்டிகேட்டருக்கும் என்ன சம்பந்தம்?

வெளியேறும் சாலையின் தொடக்கத்தில்தான் பெரும்பாலும் ஜீப்ரா கோடு இருக்கும். சாலையைக் கடக்க நிற்கிறவர் வட்டத்தில் வரும் வண்டியைப் பார்த்து, இது நம் பக்கம் வருமா வராதா என்று கணக்குப் போடுகிறார். அவரிடம் பம்பர் கிடையாது. இடது விளக்கைப் பார்த்தால் நிற்பார், பார்க்காவிட்டால் இறங்கிவிடுவார். பார்வையற்றவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். வண்டிகள் சத்தம் இடைவிடாமல் சுற்றிக்கொண்டே இருப்பதால் எது வெளியேறுகிறது என்று காதால் பிரித்தறிய முடியாது. வெளியேறும்போது வேகத்தைக் கூட்டாமல், கோட்டில் ஆள் இருந்தால் நின்று, போன பிறகு வேகம் எடுங்கள்.

சின்ன ரவுண்டானா, தரையில் வெள்ளை வட்டம் மட்டும் வரைந்திருக்கிறார்கள். அங்கேயுமா?

அங்கேயும் வட்டத்தைச் சுற்றித்தான் போக வேண்டும், மேலே ஏறிப் போகக் கூடாது, வண்டியின் அளவால் வேறு வழியே இல்லாத பெரிய வண்டிகள் தவிர. நுழையும்போது இடது அல்லது வலது போடுவது முக்கியம், முழு நேரமும் அதுதான் உதவும். வெளியேறும் இடதுக்குப் பெரும்பாலும் நேரமே இருக்காது, ஒரு சாலைக்கும் அடுத்ததுக்கும் நடுவே இரண்டு நொடிகூட இருக்காது. முடிந்தால் போடுங்கள், கையைக் குழப்பிக்கொண்டு ஸ்டீயரிங்கை விட்டுவிடாதீர்கள்.

இந்தச் சின்ன வட்டங்களின் உச்சம் இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் இருக்கிறது. 1972-இல் வந்தது, அதே பிளாக்மோரின் வேலை. ஐந்து சின்ன ரவுண்டானாக்கள் ஒரு நடு வட்டத்தைச் சுற்றி அமைந்திருக்கும், நடு வட்டத்தில் போக்குவரத்து எதிர்த்திசையில் சுற்றும். படத்தில் பார்த்தால் தலை சுற்றும். ஒவ்வொரு சின்ன வட்டத்தையும் தனித்தனி ரவுண்டானாவாக எடுத்துக்கொண்டு, அடுத்ததில் எங்கே போகிறேன் என்பதை மட்டும் காட்டினால் கடந்துவிடலாம்.

எல்லா நாட்டிலும் இதே பழக்கம்தானா?

வெளியேறும் இண்டிகேட்டர் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் உண்டு. நுழையும்போது போடுவதில்தான் வித்தியாசம். ஜெர்மனியில் ரவுண்டானா பலகை வைத்த இடங்களில் நுழையும்போது இண்டிகேட்டர் போடவே கூடாது, சட்டமே அப்படி. வெளியேறும்போது கட்டாயம் போட வேண்டும். அவர்கள் வாதம் புரிகிறது: நுழையும்போது எல்லோரும் ஒரே பக்கம்தானே திரும்புகிறோம், அதில் சொல்ல என்ன இருக்கிறது? ஆஸ்திரேலியாவில் நுழையும்போதும் போட வேண்டும், வெளியேறும்போது நடைமுறையில் முடிந்தால் போட வேண்டும். வேறு நாட்டில் வண்டி எடுக்கிறீர்கள் என்றால் இந்த ஒன்றை மட்டும் முன்கூட்டிப் படித்துவிட்டுப் போங்கள், பத்து நிமிட வேலை.

ரவுண்டானாவில் டிராஃபிக் சிக்னலும் இருந்தால்?

விளக்கு எரியும்போது விளக்கு சொல்வதுதான் முன்னுரிமை. இண்டிகேட்டர் பழக்கத்தில் மாற்றம் இல்லை. மின்சாரம் போய் விளக்கு அணைந்தால் அது மீண்டும் சாதாரண ரவுண்டானா, வலப்பக்கம் வருகிறவருக்கு வழி.

சுற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால்?

வட்டத்துக்குள் நிற்காதீர்கள், நீங்கள் நின்றால் அதற்கும் போக இடம் இருக்காது. அடுத்து எந்தச் சாலை வருகிறதோ அதில் இடது போட்டு வெளியேறி ஓரம் கட்டுங்கள். இன்னும் நுழையவில்லை என்றால் வாயிலிலேயே நின்றுவிடுங்கள்.

இவ்வளவு தொல்லைக்குப் பதில் நாலு முனைச் சந்திப்பாகவே விட்டுவிடலாமே?

நான்கு சாலை குறுக்கே வெட்டும் சாதாரணச் சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32. ஒரு லேன் ரவுண்டானாவில் 8 மட்டுமே. அதிலும் நேருக்கு நேர், பக்கவாட்டில் செங்குத்தாக இடிக்கும் வகை காணாமல் போய்விடுகிறது, மிச்சம் இருப்பது வேகம் குறைந்த உரசல்கள். அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையின் கணக்கில், டிராஃபிக் சிக்னல் இருந்த சந்திப்பை ரவுண்டானா ஆக்கினால் உயிரிழப்பும் காயமும் தரும் விபத்துகள் 78% குறைகின்றன. அந்த உரசல்களையும் குறைக்கத்தான் இவ்வளவு பேச்சு.

நடுராத்திரி, யாருமே இல்லை. அப்போதும் போட வேண்டுமா?

யாரும் இல்லை என்று தெரிவது நீங்கள் பார்த்த வரைக்கும்தான். விளக்கு இல்லாத சைக்கிளில் ஒருவர் வரலாம், நடுத்திட்டில் இருக்கும் மரத்துக்குப் பின்னால் ஒரு கார் இருக்கலாம். எனக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துத் தீர்மானித்துப் போடுகிறவன், அவசரத்தில் தீர்மானிக்க மறந்துவிடுவான். யோசிக்காமல் கை போக வேண்டும்.

எனக்கு முன்னால் போகிறவர் எதுவுமே போடுவதில்லை, கோபமாக வருகிறது. என்ன செய்வது?

இடைவெளி விடுங்கள். இண்டிகேட்டர் போடாதவர் எங்கே வேண்டுமானாலும் திரும்புவார் என்று வைத்துக்கொண்டு, அவர் வெளியேறும் வரை அவர் பக்கத்தில் போகாதீர்கள். பின்னால் போய் ஹாரன் அடித்துப் பாடம் நடத்தினால் அவர் கண்ணாடியில் உங்களைப் பார்த்து முறைத்துக்கொண்டே தன் சாலையையும் தவறவிடுவார், அப்புறம் இன்னொரு சுற்று, அதுவும் இண்டிகேட்டர் இல்லாமல்.